கிராணியின் சொந்தக் கருத்து

அன்பு மனைவி பெத்தம்மாளுக்கு,

உன் மூட்டுவலி தேவலையா? இதில் எழுதப்போவது: 1. என் நலம். 2. கட்டுரை. 3. ஊறுகாய்.

1. நலமே. இந்த வயதில் படிக்க வந்ததால், கல்லூரி விடுதியில் எல்லாருக்கும் நான் அங்கிள்.

2. ‘நான் சிந்திக்கக் கற்றது எப்படி’ என்று கட்டுரை கேட்டார்கள். நியாலாஸ் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த பழக்கத்தில் மழையளவு, ரப்பர்ப் பால் வரவு என்று எழுதிவிட்டேன்.

“அங்கிள், இது ரிப்போட்டு லா! உங்க சொந்தக் கருத்து எங்க? இல்லாட்டி பாஸ் போட மாட்டேன்” என்றார் விரிவுரையாளர் அகல்யா.

தோட்டத்து மேலாளர் துரையின் கருத்தையே எழுதிப் பழகியவனுக்கு வியர்த்துவிட்டது. கடைசியில், உன் குழம்பில் உப்பு அதிகம் என்று துணிந்து எழுதினேன். வகுப்பில் வாசித்தார்கள். கைதட்டல். தேறிவிட்டேன்.

3. எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல் அனுப்பு. விடுதிச் சாப்பாடு இறங்கவில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. உப்பு பற்றிய என் கருத்து தவறு. திருத்தி எழுதக் கட்டுரையைத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

நல்லமுத்து