வாடகைக்குப் பதில் உழைப்பு

அண்ணை,

போன கிழமை மகள் ஓகூஸ் நகரிலிருந்து வந்து, விக்டோரியா மகாராணி காலத்துக் காணிப் பதிவொன்றின் நகலைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். நம் ஊருக்கான பக்கம் அது. காணி யாருடையது, குடியிருப்பவர் யார், வருட வாடகை எவ்வளவு பெறும் என்று வரிவரியாக எழுதியிருந்தார்கள். ஒரு வரியில் காணிக்காரர் என் பூட்டன். அவர் வளவில் குடியிருந்தவர் உங்கள் பூட்டன். நீங்கள் உங்கள் மகனுக்கு வைத்த அதே பெயர்.

"அப்பா, மற்ற ஆக்களுக்கெல்லாம் காசு போட்டிருக்கு. இவருக்கு மட்டும் 'உழைப்பு' எண்டு கிடக்கு. ஏன்?"

விடை தெரிந்தது. வளவில் இருக்கவிட்டதற்குக் கூலியில்லாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

நான் டென்மார்க்கில் இந்த வைலே நகருக்கு வந்த பனிக்காலத்தில் உங்கள் வீட்டின் கீழறையைத் தந்தீர்கள். வாடகைப் பேச்சை நானாக எடுத்தபோது, "முதல்ல நல்ல சப்பாத்து வாங்கு. இந்தக் குளிர் காலாலதான் ஏறும்" என்றீர்கள். ஒரே ஊர்க்காரன் என்ற பாசம் என்றே அதை எடுத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்திலிருக்கும் தமையனுக்குப் போன் எடுத்தேன். "ஓம், அவை எங்கட வளவுக்க இருந்த ஆக்கள். கூலி கேட்டினம் எண்டு அப்பப்பா காணியை விட்டு எழுப்பி விட்டவர். உன்ர வைலே அண்ணை அப்ப சின்னப் பெடியன். இப்ப ஏன் அதைக் கிண்டுறாய்?" அவர் குரலில் கூச்சமே இல்லை.

அன்றே உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தனியாக இருந்தார்.

"நான் ஆரின்ர பேரன் எண்டு அண்ணைக்குத் தெரிஞ்சிருந்ததோ?"

"நீ வந்த அண்டைக்கே தெரியும். எனக்குக் கோவம்தான். 'அவன் அப்ப பிறக்கவேயில்லை. ஒண்டும் சொல்லிப்போடாத, பிறகு இஞ்ச இருக்கமாட்டான். இந்தக் குளிருக்க எங்க போவான்?' எண்டு மனுசன் என்ர வாயை அடைச்சுப்போட்டார்."

அந்தக் காணியில் என் பங்கை உங்கள் பிள்ளைகளின் பேருக்கு எழுதுவதாகச் சொன்னேன்.

"எழுது. வேண்டாம் எண்டு சொல்லமாட்டன். ஆனா அதோட தீந்துது எண்டு நினைக்காத, தம்பி."

எழுதுவதற்கான வேலைகளைத் தொடங்கிவிட்டேன். தமையன் என்னோடு கதைப்பதில்லை. அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை.

வலிப்பது வேறு. ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி நாள்களில், உங்களைச் சிரிக்க வைக்கலாம் என்று, எங்கள் வளவின் கதைகளை அளந்துகொண்டிருந்தேன். எவ்வளவு அகலம், எத்தனை மாமரம் என்று. நீங்கள் கண்ணை மூடியபடி கேட்டிருந்துவிட்டு, "ஓம், நல்ல காணி" என்றீர்கள்.

அந்தக் குரலோடுதான் இப்போது நாள்களைக் கழிக்கிறேன், அண்ணை.