சவர்க்காரத்தூள் விளம்பரத்தில் சிரித்த அக்காவுக்கு

என் ஆசை அக்கா,

நீங்கள் கண்மூடிய முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் ஐந்து நாள்தான். அன்றைக்கு வருகிறவர்களுக்கு உங்கள் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. முன்பக்கத்தில் உங்களின் எந்தப் படத்தைப் போடுவது என்று கனடாவில் இருக்கும் சின்னண்ணைக்கும் எனக்கும் ஒரு கிழமையாகச் சண்டை.

அவருக்கு அந்தச் சவர்க்காரத்தூள் விளம்பரப் படம்தான் வேண்டுமாம். குறிகட்டுவான் துறையில் பெரிய பலகையில், நயினாதீவுக்குப் படகேறுகிற சனமெல்லாம் அண்ணாந்து பார்த்த அதே படம். "அதிலதான் அக்கா வடிவாச் சிரிக்கிறா. மற்றதுகளைப் பாக்க ஏலாது" என்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போர் முடிந்து நாலைந்து வருஷத்தில் கொழும்பிலிருந்து விளம்பரக்காரர் வந்தார்களே, நினைவிருக்கிறதா? தீவுப் பெண்ணின் உண்மையான வாழ்க்கையைக் காட்டப்போகிறோம் என்றார்கள். ஊரெல்லாம் தண்ணீர் மோட்டர் திருத்திப் பிள்ளைகளை வளர்த்தவர் நீங்கள். உங்கள் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி வைத்துவிட்டு வாளியைத் தந்தார்கள். அத்தான் ஷெல் விழுந்து செத்து எத்தனை வருஷம்? உங்கள் நெற்றியில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவு குங்குமம் வைத்தார்கள். கொடியில் யாரோ ஒருவனின் வெள்ளைச் சட்டை.

ஆம்பிளைச் சட்டையே இல்லாத வீட்டில் இவள் யாருடையதைத் தோய்ப்பாள் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. விளம்பரத்தில் மட்டும் எல்லாப் பெண்ணுக்கும் அந்திக்கு ஒரு புருஷன் வீட்டுக்கு வருகிறான். இப்போது துறையில் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள், அக்கா. பாத்திரம் கழுவும் சவர்க்காரம். புருஷன் ஒரே ஒரு கோப்பையைக் கழுவுகிறான், அவள் கண்கலங்கி நிற்கிறாள். நீங்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

படம்பிடித்த அன்றைக்கு எங்கள் மடத்துவெளிக் கிணற்றுத் தண்ணீரில் தூளைக் கொட்டிக் கலக்கினார்கள். உவர்த் தண்ணீரில் எங்கே நுரை வரும்? இரண்டு பெட்டி முடிந்தும் கஞ்சி மாதிரிக் கிடந்தது. "தம்பி, இந்தத் தண்ணியில கடவுள் வந்து தோய்ச்சாலும் நுரைக்காது" என்றீர்கள். கடைசியில் நுரைக்காகவே யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பவுசர் வண்டி நிறைய நல்ல தண்ணீர் வந்தது. நாங்கள் குடத்தோடு வரிசையில் நின்று, சண்டைபிடித்து வாங்குகிற தண்ணீர். முழங்கை வரை நுரை எழும்பியது.

"அவர் சட்டையைப் பார்த்துச் சிரிங்க அம்மா" என்றான் படம்பிடித்தவன். நீங்களும் சிரித்தீர்கள்.

பின்னேரம் குங்குமத்தை அழித்துக்கொண்டு நீங்கள் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். "எடி, நான் சட்டையைப் பாத்தே சிரிச்சனான்? மிச்சத் தண்ணியை எங்கட தொட்டிக்கை விடச் சொல்லிக் கேட்டனான். அது நிறையிற சத்தம் கேட்டது."

நேற்று இதை அண்ணைக்குச் சொன்னேன். "அப்ப அந்தச் சிரிப்பு உண்மைதானே?" என்கிறார். அவரோடு கதைத்து வெல்ல முடியுமா?

உண்மைதான், அக்கா. சிரிப்பு உங்களுடையது. பொட்டும் வாளியும் சட்டையும்தான் இரவல். அச்சகக்காரர் பொட்டை மட்டும் கம்ப்யூட்டரில் அழித்துத் தருகிறாராம். வைத்தவர்களும் உங்களைக் கேட்கவில்லை, அழிக்கிறவரும் கேட்கப்போவதில்லை. உங்கள் முகத்தில் இன்னுமொருவர் கைவைக்க விடமாட்டேன்.

போன வருஷம் நான் போனில் எடுத்த படத்தைக் கொடுத்துவிட்டேன். கையில் ஸ்பானர், கன்னத்தில் கிறீஸ், முகத்தில் கோபம். "படம் எடுக்காமல் அந்த வயரைப் பிடியடி" என்று என்னை ஏசிக்கொண்டிருக்கிறீர்கள். பார்க்கிற சனம் முகத்தைச் சுளிக்கும். சுளிக்கட்டும்.

முப்பத்தோராம் நாள் சமையலுக்குப் பவுசர் சொல்லியிருக்கிறேன். முதலில் உங்கள் தொட்டியைத்தான் நிரப்புவேன், சத்தியம். சத்தம் கேட்டால் சிரியுங்கோ, அக்கா. ஒருவரும் படம் எடுக்க மாட்டார்கள்.

இன்னும் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்
உங்கள் தங்கச்சி