தவளை உடைத்த தேங்காய்

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை நம் ஊரில் பெருமழை பெய்தது. பூனை எதுவும் விழவில்லை. நாயும் விழவில்லை. நடுத்தெருவில் குடையைச் சுருக்கிக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, நானே உறுதி செய்துகொண்டேன். சட்டை இன்னும் காயவில்லை. அந்த ஈர வாடையோடுதான் உனக்கு இதை எழுதுகிறேன். நீ போன பிறகு பெய்யும் முதல் பெருமழை.

உன் அப்பா கொழும்புக் கடையை மூடிவிட்டு ஊர் திரும்ப, நீ எங்கள் வகுப்புக்கு வந்தாய். நாஞ்சில் நாடு மலையாளத்தோடா தமிழகத்தோடா, எந்தப் பக்கம் சேரும் என்று பெரியவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. நான் உன்னைப் பார்த்தேன். ஊரில் பொய்க்கு நான்தான் மொத்த வியாபாரி. என்னை எவனாலும் ஏமாற்ற முடியாது. போட்டிக்குக் கடை திறக்க வந்தவனோ நீ?

“பூனையும் நாயுமா பெய்யுதுன்னா, வெள்ளக்காரனுக்குப் பேய்மழைன்னு அர்த்தம்,” என்றாய் ஒருநாள், ஆற்றங்கரையில்.

“ஏலே, அப்போ தூறல் விழுந்தா எலியும் அணிலுமா?”

“சத்தியமாட்டு சொல்லுகேன் மக்கா.”

“நான் பண்ணாத சத்தியமா!”

எங்கள் வகுப்பில் இங்கிலீஷ் என்றால், ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்திக் கூட்டமாகக் கத்துவது. பூனை என்றால் பூனைதான். அது எப்படி மழையாகும்?

உன்னைப் பிடிக்கப் பொறி வைத்தேன். நானே ஒன்றைக் கட்டி, “தவளை தேங்காய உடைச்சுதுன்னு இங்கிலீஷ்ல சொன்னா என்னலே அர்த்தம்?” என்று கேட்டேன். நீ வாய்க்கு வந்த அர்த்தத்தைச் சொன்னால், பள்ளிக்கூடம் முழுக்கத் தமுக்கடிக்கத் தயாராக இருந்தேன். நீ அதை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாய்.

“அப்படி ஒண்ணு கிடையாதுலே. ஆனா இருந்திருக்கலாம். நல்லாருக்கு.”

அதற்கும் சந்தேகப்பட்டேன். பொறியில் விழாத எலி லேசுப்பட்ட எலியா?

ஆவணியில் காய்ச்சலில் கிடந்தாய். பார்க்க வந்தபோது, பாயில் படுத்தபடியே “அண்டர் த வெதர்” என்றாய்.

“எல்லாவனும் ஆகாசத்துக்குக் கீழதான் கெடக்கோம். எழும்புலே.”

சிரிக்கப் பார்த்தாய், இருமல்தான் வந்தது. “உடம்புக்கு முடியலன்னு அர்த்தம். இந்த ஒண்ணையாவது நம்பு மக்கா.”

“நாளைக்குச் சொல்லுகேன்,” என்று எழுந்து வந்தேன். நீ நாளை வரை இருக்கவில்லை.

இன்று, வெளியே மழை கொட்ட, புதிதாக வந்திருக்கும் சார் கரும்பலகையில் இங்கிலீஷ் மரபுத்தொடர்களை எழுதி அர்த்தம் கேட்டார். பூனையும் நாயும் வந்தன. ‘அண்டர் த வெதர்’ வந்தது. நானே முந்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் சொன்னேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன். எல்லாம் சரி. வகுப்பு வாயைப் பிளந்தது. காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“வேற ஏதாவது தெரியுமாடே?” என்றார் சார்.

தவளையையும் தேங்காயையும் எடுத்துவிட்டேன்.

“அப்படி ஒண்ணு இங்கிலீஷ்ல கிடையாதே.”

“உண்டு சார்! கொழும்புக்காரன் சொன்னது. அவன் பொய் சொல்ல மாட்டான்.”

பெஞ்சுமேல் ஏற்றிவிட்டார். வகுப்பு சிரித்து ஓய்ந்த பிறகுதான் நினைவு வந்தது, அது நான் கட்டியது என்று. ஒருவனாலும் ஏமாற்ற முடியாதவன், தன் பொய்க்கே சாட்சி சொல்லி நின்றேன். உன்னிடமிருந்து வந்த கணக்கில் அதையும் சேர்த்து நம்பிவிட்டேன் மக்கா.