கோடு உடைந்த அட்டைக்கட்டு

பெரியப்பா, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். என் மேல் உள்ள தவறையும் மறைக்க மாட்டேன்.

செம்மேட்டில் இன்று காலையிலிருந்தே மூடுபனி. பள்ளிக் கணினி அறைக்குள் நுழைந்ததும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. உடனே மனதில் உங்கள் குரல் கேட்டது: "எங்க மெஷின் ரூமுல வருசம் பூரா மார்கழிதான் கண்ணு."

அப்பாவுக்கு மலைக்கு மாற்றல் வந்தபோது, இந்தக் குளிருக்காகவே நீங்களும் கூட வந்தீர்கள். உங்கள் காலத்துக் கணினி ஓர் அறையையே அடைத்து நிற்குமாம். அது சூடாகாமல் இருக்க, அறையைக் குளிர வைத்திருப்பார்களாம். சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டையோடு பஸ் ஏறுவீர்களாம். கண்டக்டர், "ஏனுங்க, காய்ச்சலுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி நிற்பாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் பனியைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.

கணினிக்குச் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் துளையிட்ட ஓர் அட்டை. அட்டைகளை வரிசையாக அடுக்கி, கட்டின் மேல் விளிம்பில் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு இழுத்துவிடுவீர்கள். அட்டை இடம் மாறினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

ஒருநாள் படிக்கட்டில் கட்டு உங்கள் கையிலிருந்து விழுந்தது. அவசரமாகப் பொறுக்கி அடுக்கினீர்கள், கோட்டைப் பார்க்கவில்லை. கணினி தப்பான விடை தந்தது. அட்டைகளில் துளையிட்டுத் தந்த பெண் ஊழியரைத்தான் அதிகாரி எல்லோர் முன்னாலும் திட்டினார். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். முழுக்கட்டையும் மறுபடி துளையிட அந்த ஊழியர் பழைய கட்டைக் கையில் எடுத்தபோது, கோடு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. உங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை.

"அன்னிக்கே அவங்க சொல்லியிருந்தா எனக்கு இத்தனை வருசம் பாரமில்லீங்க" என்று அப்பாவிடம் சொல்வதுபோல் ஜன்னலிடம் சொன்னீர்கள்.

போன மழைக்காலத்தில் அந்த ஊழியரின் முகவரி கிடைத்தது. உங்கள் கை நடுங்கியதால் நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நலம் விசாரித்து, மிளகுக்கொடி, மழை என்று இரண்டு பக்கம் போயிற்று. கட்டு விழுந்ததைச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும், "இருக்கட்டும் சாமி, நாளைக்கு எழுதலாம்" என்பீர்கள். பல நாள் அப்படியே போனது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நீங்களே என்னைக் கூப்பிட்டீர்கள். "இன்னிக்கு எழுதீரலாம் கண்ணு." நான் கதைப் புத்தகத்தில் இருந்தேன். நிமிராமலே, "நாளைக்குங்க பெரியப்பா" என்றேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் இல்லை.

இன்று மதியம் அந்தக் கடிதத்தை முடித்தேன். கட்டைத் தவறவிட்டது நீங்கள்தான் என்றும், அதைச் சொல்லத்தான் கடிதம் தொடங்கினீர்கள் என்றும், தாமதத்தில் என் பங்கும் உண்டு என்றும் எழுதி, என் பெயரைப் போட்டேன். உங்கள் பெயரைப் போட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. தபால் பெட்டியில் போட்ட பிறகும் கை சிறிது நேரம் அங்கேயே இருந்தது.

அவர் உங்களை மன்னிப்பாரா, தெரியாது. யாராவது என்னைக் கூப்பிட்டால் இப்போதெல்லாம் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன்.

டீச்சர் கணினி அறையைப் பூட்டச் சாவியோடு வந்துவிட்டார். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார், இத்துடன் முடிக்கிறேன்.