ஒரே குழாய்

1957 ஆகஸ்ட் 12, திங்கள். கொஸ்லந்த தேயிலைத் தோட்டம், இலங்கை.

மணலும் கரியும் போட்டு நான் செய்த பீப்பாயின் குழாயிலிருந்து இன்று தெளிந்த தண்ணீர் வந்தது. ஓடைத் தண்ணீரைக் குடித்துத் தொழிலாளர் லய வீடுகளெல்லாம் வயிற்றுப்போக்கு. அப்படியிருந்தும் பெரிய கங்காணி, "எங்க ஆளுகளுக்குத் தனிக் குழாய் வச்சிரு தம்பி. கீழ் லயத்தான் தொட்டதை நாங்க தொடமாட்டோம்" என்றார்.

"உள்ள இருக்கிற மணல் ஒண்ணுதானேங்க?"

"மணலு கண்ணுக்குத் தெரியாது. குழாய் தெரியும்."

அவர் ஆட்கள் சிரித்துக்கொண்டே ஓடைக்குப் போனார்கள்.

இருட்டியதும் அவர் மருமகள் குடத்தோடு வந்தாள். "பிள்ளைக்கு வயித்தால போறது நிக்கல, அண்ணே." அதே குழாயைத் திறந்துவிட்டேன்.

இரண்டாவது குழாய் வைக்கமாட்டேன். நாளைக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லாரும் நிற்கும்போது சொல்லிவிடுவேன். மருமகள் வந்ததை மட்டும் சொல்லமாட்டேன். அவள் நாளையும் வரவேண்டும்.