கோணல் டேப்

ஏற்காடு,
ஏப்ரல் 6, 2025

அன்புத் தம்பி சாதிக்,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா எழுதுகிறேன். கையில் போன் இருக்கும்போது இவளுக்குக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் பேசினால் நம் காப்பித்தூள் கடைக்கு வந்த கூட்டம் முழுக்கக் கேட்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உன் மருமகள் யாஸ்மின் எனக்கு முன்னால் படித்துவிடுவாள். அதனால்தான் காப்பித்தூள் பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன். பதிலையும் தபாலிலேயே போடு.

பெருநாள் நல்லபடியாகப் போனது. பக்கத்துப் பூஜைச் சாமான் கடை பழனிசாமி அண்ணன் வீட்டுக்கு வழக்கம்போல் பிரியாணி போனது. கோடை மழை ஒன்று பெய்து தோட்டமெல்லாம் காப்பி பூத்துவிட்டது. அங்கே ஸ்வீடனில் உனக்கு இன்னும் குளிர்தானே?

யூடியூபில் உன் விவாதத்தைப் பார்த்தோம். 'ஊரடங்குக்கு ஐந்து வருடம்: எந்த நாடு செய்தது சரி?' கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தாய். ஸ்வீடன் பள்ளிக்கூடத்தை மூடவில்லை, கதவைச் சாத்தவில்லை, ஆனாலும் மோசமாகிவிடவில்லை என்று எதிர்த்துப் பேசிய டாக்டர் ஆசிரை மடக்கியபோது, கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

ஆனால் இரண்டு பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்று, 'என் அத்தாகூட 2021 மே மாதம்தான் மாரடைப்பில் இறந்தார், அவரையும் கொரோனாக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்' என்று சொன்னது. இரண்டு, உன் மச்சானைப் பற்றிச் சொன்னது. 'ஏற்காட்டில் என் மச்சான் இன்னும் மாஸ்க்கைக் கழற்றவில்லை, தூங்கும்போதாவது கழற்றுகிறாரா என்று அக்காவைத்தான் கேட்க வேண்டும்' என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "பாத்தீங்களா, மாப்ளே நம்மள உலகத்துக்கே காட்டிட்டான்"னு பழனிசாமி அண்ணனிடம் சொன்னார். அன்றிலிருந்து உன் போன் வந்தால் கல்லாவை விட்டு எழுந்து போய்விடுகிறார்.

உனக்குப் போகிற பார்சலை ஒவ்வொரு முறையும் அவர்தானே கட்டுவார். இந்த முறை நான் கட்டினேன். டேப் கோணல்மாணலாக இருக்கும், திட்டாதே.

ஜூலையில் இரண்டாம் பாகம் இருக்கிறதாமே. அதில் அத்தா பேச்சை எடுக்காதே சாமி. மச்சானுக்கு ஒரு போன் போடு. காரணம் கேட்காதே.

அன்புடன்,
அக்கா ருக்சானா


கோத்தன்பர்க்,
ஏப்ரல் 27, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். பார்சல் கிடைத்தது. டேப்பைப் பார்த்ததுமே வேறு கை என்று தெரிந்துவிட்டது. ஒரு ஓரம் பிரிந்து காப்பித்தூள் கொஞ்சம் கொட்டியிருந்தது. தபால் நிலையம் முழுக்க நம் கடை வாசனை அடித்தது, அதனால் மன்னித்தேன்.

காரணம் கேட்காதே என்றால் எப்படி அக்கா? நான் வேலை செய்யும் காப்பீட்டுக் கம்பெனியில் காலையிலிருந்து மாலை வரை காரணம் கேட்பதுதான் என் பிழைப்பு.

இந்திய அரசின் கணக்கில் ஐந்து லட்சத்துச் சொச்சம் பேர் இறந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் நாற்பத்தேழு லட்சம் என்கிறது. டாக்டர் ஆசிர் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். அந்த நாட்களில் யார் எதனால் இறந்தாலும் கொரோனா என்று எழுதினால் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அத்தா அதற்குக் கண்ணெதிரே இருக்கும் உதாரணம். உண்மையைச் சொல்வதில் என்ன தவறு?

ஸ்வீடனில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. முதல் வருடம் முதியோர் இல்லங்களில் நிறையப் பேர் போனார்கள். அதையும் மேடையில் சொன்னேன். ஆனால் இங்கே குழந்தைகள் பள்ளிக்குப் போனார்கள். யாஸ்மின் சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்து பாடம் படித்தாளே, மறந்துவிட்டீர்களா? கடை மூடிக் கிடந்ததே? அத்தாவின் மையத்துக்கு நான் வர முடியாமல் போனதே? நேரத்துக்கு ஒரு விமானம் கிடைக்கவில்லை அக்கா. ஒரே மகன் நான். போன் திரையில் மண் போடுவதைப் பார்த்தேன். இவ்வளவும் எதற்காக என்று நான் கேட்கக் கூடாதா?

மச்சான் வேடிக்கையை வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறவர். என் கல்யாணத்தில் என்னை எவ்வளவு ஓட்டினார்! அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஆனால் பயம் விட்டுப்போகாமல் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாராவது சொல்லத்தானே வேண்டும்?

அன்புத் தம்பி,
சாதிக் பாஷா


ஏற்காடு,
மே 15, 2025

அன்புத் தம்பிக்கு,

கேட்காதே என்றேன், கேட்டுவிட்டாய். உட்கார்ந்து படி.

அத்தாவுக்கு வந்தது மாரடைப்பு இல்லை. முதலில் காய்ச்சல். பிறகு, காப்பி வறுக்கும் வாசனையே தெரியவில்லை என்றார். அறுபது வருடம் அந்த வாசனையிலேயே இருந்தவர் அப்படிச் சொன்னதும் ஆஸ்பத்திரி தேட ஆரம்பித்தோம். சேலத்தில் எங்கேயும் படுக்கை இல்லை. பழனிசாமி அண்ணன் ஊரெல்லாம் போன் போட்டுப் பார்த்தார். விரலில் மாட்டிப் பார்க்கிற மெஷினில் எண் இறங்கிக்கொண்டே போனது. வீட்டிலேயே போய்விட்டார்.

அன்றைக்குச் சான்றிதழில் கொரோனா என்று எழுதினால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, நீ இங்கே இல்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப் போவார்கள். குளிப்பாட்ட விடமாட்டார்கள், முகம் பார்க்க விடமாட்டார்கள் என்று ஊரே நடுங்கிக் கிடந்தது. உன் மச்சான் டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க மாமாவெ அப்பிடி அனுப்பாதீங்க சார்"னு அழுதார். டாக்டர் நெஞ்சு என்று எழுதிக் கொடுத்தார். அந்த மனிதருக்காக நான் இன்றும் துவா செய்கிறேன்.

பள்ளிவாசலில் மையத்துக் குளிப்பாட்டுகிறவரே காய்ச்சலில் கிடந்தார். வேறு யாரும் வரவில்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன், பிள்ளை குட்டிக்காரர்கள். பழனிசாமி அண்ணன் கடை ஷட்டரைப் பாதி தூக்கி, ஒரு பொட்டலம் சூடம் எடுத்துக் கொடுத்தார். நான் மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று வெந்நீர் எடுத்து எடுத்து வைத்தேன். உள்ளே உன் மச்சான் ஒருவர்தான். கடைசித் தண்ணீருக்குச் சூடம் கரைக்கும்போது, "சாதிக் செய்யவேண்டியது மாமா, அவம் பேருல நாஞ் செய்யறேன்"னு அத்தாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்த வாரமே அவர் படுத்துவிட்டார். சரக்கு எடுக்கச் சேலம் போயிருக்கிறார் என்று உனக்குச் சொன்னேனே, அது ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தார், ஆனால் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. மிளகு வாங்கக் கரடியூர் வரை நடந்தே போய் வருவாரே, இப்போது அத்தாவை அடக்கியிருக்கிற கபரஸ்தான் மேட்டில் ஏறுவதற்குள் ரெண்டு இடத்தில் உட்காருகிறார். காப்பி அரைக்கிற தூசியும் பனியும் ஆகாது, மாஸ்க்கைக் கழற்றாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பயம் இல்லை தம்பி அது.

உன்னிடம் சொல்லவே கூடாது என்றார். "வர முடியாதவனுக்கு எதுக்கு இந்தப் பாரம்"னார். நான் இப்போது எழுதுவதும் அவருக்குத் தெரியாது.

நாற்பத்தேழு லட்சம் சரியா தப்பா, மலையில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிச் சொல்வேன்? ஆனால் அந்த ஐந்து லட்சத்தில் அத்தா இல்லை. இல்லாமல் செய்தது நாங்கள்தான். அத்தாவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று செய்தோம். அதில் எனக்கு வருத்தம் கிடையாது, இன்னொரு முறை நேர்ந்தாலும் அதையேதான் செய்வோம். எங்களை மாதிரி இன்னும் எத்தனை வீடோ.

பள்ளிக்கூட விஷயத்தில் நான் உன் பக்கம்தான். யாஸ்மின் இன்னும் கணக்கில் தடுமாறுகிறாள். ஆனால் உன் பேச்சைப் பார்க்கும்போது ஸ்வீடனுக்காகப் பேசுகிறவனாக எனக்குத் தெரியவில்லை. அத்தாவைப் பார்க்க வரவிடாமல் செய்தவர்களோடு சண்டை போடுகிறாய். போடு, உனக்கு அந்த உரிமை உண்டு. அந்தச் சண்டையில் மச்சானை மட்டும் கல்லாக எடுத்து எறியாதே கண்ணு.

அக்கா


ஏற்காடு,
ஜூன் 9, 2025

தம்பி,

என் கடிதம் கிடைத்ததா? பக்ரீத் அன்றைக்குக்கூட நீ கூப்பிடவில்லை. நாலு வருடமாக மறைத்துவிட்டாள் என்று என்மேல் கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

"ஏனுங்க, சாதிக்குக்கு நீங்களே ஒரு போன் போடுங்களேன்"னு நேற்று கேட்டேன். "அவன் பெரிய மனுசன், வேல இருக்கும்"னு சொல்லிவிட்டு மிளகு புடைக்கப் போய்விட்டார். எனக்கு நொம்பக் கஷ்டமாக இருந்தது.

அக்கா


கோத்தன்பர்க்,
ஜூன் 25, 2025

அக்கா,

கோபம் இல்லை. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். மச்சான் எண்ணை எடுப்பேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது? கம்பெனியில் வருடத்துக்கு எத்தனை மரணச் சான்றிதழ் என் கையில் வருகிறது! நெஞ்சு என்று எழுதியிருந்தால் நெஞ்சு என்று கட்டத்தில் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகிறவன் நான். இப்போது ஒவ்வொன்றையும் எடுக்கும்போது, மறைப்புக்குப் பின்னால் யார் நின்றார்களோ என்று தோன்றுகிறது. வேலை ஓடவில்லை.

அத்தா போன அன்றைக்கு வீடியோவைப் போடுங்கள் என்று உங்களிடம் கத்தினேன். சிக்னல் இல்லை என்றீர்கள். அப்போதுதான் வெந்நீர் தூக்கிக்கொண்டிருந்தீர்களா அக்கா?

பள்ளிக்கூடம் மூடியது தப்பு என்பதில் எனக்கு மாற்றமில்லை. மச்சான் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் நேரில் வந்து சண்டை போடுவேன். மற்றதெல்லாம் எனக்குக் குழம்பிவிட்டது.

இரண்டாம் பாகம் ஜூலை 12, சனிக்கிழமை. அன்றைக்கு மச்சானை எங்கேயும் போகவிடாதீர்கள். கடையில் பிடித்து உட்கார வையுங்கள்.

சாதிக்


ஏற்காடு,
ஜூலை 14, 2025

என் கண்ணுத் தம்பிக்கு,

அல்லாஹ் உன்னை நல்லா வைக்கட்டும். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம், வார விடுமுறைக்கு மலை ஏறின வண்டியெல்லாம் ஏரியைச் சுற்றித்தான் நின்றது. ஆனாலும் உன் மச்சானை ஸ்டூலில் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். "எதுக்குடி, மறுபடியும் என்னெ வெச்சுச் சிரிக்கவா?"ன்னார். பேசாமல் இருங்கள் என்றேன்.

டாக்டர் ஆசிர் ஆரம்பத்திலேயே உன்னைக் கேட்டார். போன முறை உங்கள் தந்தையை உதாரணம் காட்டினீர்களே, அதிலிருந்தே தொடங்குவோமா என்றார். நீ தண்ணீர் குடித்தாய். பிறகு சொன்னாய்: 'அந்த உதாரணத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அத்தா இறந்தபோது நான் அங்கே இல்லை. அதைப் பற்றிச் சொல்லத் தகுதியுள்ளவர் என் மச்சான் சையத் இப்ராஹிம். நான் செய்யவேண்டிய கடைசிக் காரியத்தை என் பெயரில் செய்தவர். போன முறை மாஸ்க் போடுகிறார் என்று அவரை வைத்துத்தான் உங்களையெல்லாம் சிரிக்க வைத்தேன். மச்சான், என்னை மன்னித்துவிடுங்கள்.'

சான்றிதழ் எழுதிக் கொடுத்த டாக்டர் பெயரையும் இழுக்காமல், எங்களையும் காட்டிக்கொடுக்காமல் சொன்னாய். அதற்குப் பிறகு பேச்சை டாக்டர் ஆசிருக்கே விட்டுக்கொடுத்துவிட்டாய். வீடியோவுக்குக் கீழே எவனோ 'ஸ்வீடன்காரர் ஓடிவிட்டார்' என்று எழுதியிருந்தான். யாஸ்மின் பதிலுக்கு ஏதோ திட்டி எழுதியிருக்கிறாள், என்னவென்று காட்ட மாட்டேன் என்கிறாள். தோற்றதற்காகக் கவலைப்படாதே.

உன் மச்சான் மாஸ்க்கைக் கழற்றினார். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார். பழனிசாமி அண்ணன் வேண்டுமென்றே வாசலில் போய் நின்றுகொண்டார். நீ சொல்லிவிட்டாயா என்று உன் மச்சான் என்னைக் கேட்கவில்லை. திரையில் உன்னைக் காட்டி, "ஏன் இப்பிடி எளச்சுப் போய்ட்டான்? ஒழுங்காச் சாப்புடறானா இல்லியா?"ன்னார்.

டிசம்பரில் லீவு கிடைக்குமா பார். கபரஸ்தான் மேட்டில் அவரோடு ஒரு ஆள் ஏறினால் நல்லது.

இதோடு பார்சல் வருகிறது. காப்பித்தூள், மிளகு, பெருநாள் கறி ஊறுகாய். நான் ஒன்றையும் தொடவில்லை, பக்கத்தில் வராதே என்று விரட்டிவிட்டார். டேப்பைப் பார், எவ்வளவு நேராக ஒட்டியிருக்கிறார்.

அக்கா ருக்சானா