பால் மறக்க ஏறிய மலை

டிசம்பர் 14, ஞாயிறு

மன்னித்துக்கொள், நோட்டே. ஊர் அடங்கிய பிறகுதான் உன் நினைவு வருகிறது. இலக்கியா இப்போதுதான் பாலை விட்டாள். வாய்தான் விட்டது. கை இன்னும் என் நைட்டியைப் பிடித்தபடி தூங்குகிறது.

இரண்டேகால் வயது. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன். "கச்சக்குது" என்று முகத்தைச் சுளித்துவிட்டு அதையும் சேர்த்துக் குடித்தாள். பிளாஸ்திரி ஒட்டினேன். "அம்மாக்கு உவ்வா" என்று ஊதிவிட்டுப் பிய்த்துப் போட்டாள். நான் இளைத்துக்கொண்டே போகிறேன். நிறுத்தியே ஆகவேண்டும் என்கிறார் டாக்டரம்மா.

இன்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தாய் கண்ணுல படற வரைக்கும் புள்ள பால மறக்காது அம்மிணி. மூணு நாளைக்கு உங்கம்மா ஊட்டுக்குப் போயிரு. உம் புருசனை நா அப்படித்தான் மறக்கடிச்சேன்."

அம்மா வீடு நாமகிரிப்பேட்டை. இங்கே சங்ககிரியிலிருந்து இரண்டு பஸ். எனக்கு என்னைத் தெரியாதா? இவள் அழுவாளோ என்று தோன்றிய நிமிஷமே திரும்பி பஸ் ஏறிவிடுவேன். ஐந்து வருஷம் காத்திருந்து பெற்றவள். மூச்சு வருகிறதா என்று தூக்கத்தில் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிற ஆள் நான்.

டிசம்பர் 17, புதன்

பக்கத்து வீட்டு அஸ்பியா மொட்டை மாடியில் கூடாரம் ஒன்றை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். எம்.காம். படிக்கிற பெண். லீவில் அவளும் தோழி தேன்மொழியும் தம்பி அஃப்தாபும் கொல்லிமலைக்குப் போகிறார்களாம். சேந்தமங்கலம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறுவார்களாம், மூட்டை முதுகில். மேலே தெரிந்தவர் காப்பித் தோட்டத்தில் தங்கல். மூன்று நாள்.

"இந்தக் குளிர்லயா? அங்க சிக்னல் கிடைக்குமா?"

"பெரும்பாலும் கிடைக்காதுக்கா."

"ராத்திரி எறங்கி வரணும்னா பஸ்ஸு?"

"நாங்க இருக்கற எடத்துக்கு ஆடு வந்தாலே பெருசுக்கா, பஸ்ஸு கேக்கறீங்க."

எல்லாம் பயத்தில் கேட்டவைதான். கேட்டு முடித்தபோது அவையே போவதற்கான காரணங்களாகிவிட்டன. திரும்பி வர முடியாத இடம். எனக்கு வேண்டியது அதுதானே?

டிசம்பர் 18, வியாழன்

ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவர் பிசைந்த சோற்றிலேயே கையை அப்படியே வைத்துவிட்டார். "பால் மறக்கடிக்கத்தான அம்மா போகச் சொன்னாங்க? மலையேறச் சொன்னாங்களா?"

"கண்ணுல படாம இருக்கச் சொன்னாங்க. எங்கேன்னு சொல்லலீங்களே."

அத்தை குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். "பொறந்த ஊட்டுக்குப் போயிருக்கறான்னா நாலு பேருகிட்டச் சொல்லலாம். புள்ளைய உட்டுப்போட்டு மலைக்குப் போனவள எங்கேன்னு கேட்டா, நா என்னத்தச் சொல்றது?"

"மலைக்குப் போயிருக்கறான்னு சொல்லுங்க அத்தை."

சொல்லிவிட்டு நானே ரசம் ஊற்றிக்கொண்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

சங்ககிரிக் கோட்டை மேல் ஏறிப் பழகினோம். என் பையில் எடைக்கு அரிசி. பாதியில் மூச்சிரைத்துக் கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். "ஆன்ட்டி, தண்ணி" என்று அஃப்தாப் நீட்டினான். பத்தொன்பது வயதுப் பையனுக்கு முப்பத்துமூன்று வயதுக்காரி ஆன்ட்டி. குடித்தேன். அவனுக்கு முன்னால் நடந்தேன். கொஞ்ச தூரம்தான் — ஆனாலும் முன்னால்.

டிசம்பர் 25, வியாழன்

காய்ச்சல் வந்தால்? படியில் விழுந்தால்? அழுது அழுது மூச்சுத் திணறினால்?

போகிறேன்.

டிசம்பர் 27, சனி. மலையில்

டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். விரல் மடங்கவில்லை, அவ்வளவு குளிர்.

காலையில் இலக்கியா தூங்கும்போதே கிளம்பினேன். அத்தை வாசலுக்கு வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று செருப்பை உதறிவிட்டு ஷூவை மாட்டினேன்.

ஏற்றத்தில் நான்தான் கடைசி. ஒவ்வொரு திருப்பத்திலும் மூன்று பேரும் நின்று, எனக்காக நிற்காதது போலப் போட்டோ எடுத்தார்கள். மதியத்துக்கு மேல் மார்பு கனக்கத் தொடங்கியது. இருட்டுவதற்குள் கல். பையின் வார் பட்டாலே உயிர் போனது. கூடாரத்துக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"தோள் வலிங்களாக்கா?" என்றாள் தேன்மொழி.

சொன்னேன். தோள் இல்லை, பால் கட்டிக்கொண்டது என்று. அஸ்பியா, "மல்லிப்பூ வெச்சுக் கட்டுனாப் பால் வத்தும்னு எங்கம்மா சொல்லுவாங்க. இங்க மல்லிக்கு எங்க போறது?" என்றாள்.

கீழேயே எங்கே போவது? மார்கழிப் பனியில் மல்லிச் செடி பூக்கிறதா என்ன.

ஸ்வெட்டரை எடுக்கப் பையைக் குடைந்தேன். அடியில் ஈரத்துணி. துணிக்குள் வாழையிலைப் பொட்டலம். வாழைநாரில் போட்ட முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது அத்தையின் முடிச்சு. உள்ளே நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரம். கூடவே, மார்பில் சுற்றிக் கட்டுவதற்கு மாமனாரின் பழைய வேட்டியைக் கிழித்த துணி.

எங்கே தேடி வாங்கினார்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இரண்டு பெண்களும் சேர்ந்துதான் கட்டிவிட்டார்கள். வெளியே பக்கத்துக் கூடாரத்திலிருந்து அஃப்தாப் குரல்: "அக்கா, யாரோ பூ வெச்சுக்கிட்டு நடக்கறாங்க. வாசம் வருது."

"ஆமாடா, உன்னையத்தான் தேடறா. கதவச் சாத்து" என்றாள் அஸ்பியா.

அவன் ஜிப்பை இழுத்த சத்தம் மலைக்கே கேட்டிருக்கும். சிரித்தேன். சிரித்தால் இன்னும் வலித்தது.

டிசம்பர் 28, ஞாயிறு

உச்சிக்கு ஏறும் வழியில், ஒரு பாறை மேல் நின்றபோது போன் அதிர்ந்தது. வரிசையாக அவர் அழைப்புகள். கூப்பிட்டேன்.

"பாப்பாவுக்கு நெத்தி சுடுது. வந்துரு பிரபா."

அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, பயம். அது எனக்குப் பழகிய குரல், என் குரல். கால் தானாகவே கீழ்ப்பக்கம் திரும்பிவிட்டது.

"அத்தைகிட்டக் குடுங்க." கொடுத்தார்.

"சளிக் காச்சதான். டாக்டருகிட்டக் காட்டி மருந்து குடுத்தாச்சு. இப்ப இட்லி திங்கறா."

"பால் கேட்டாளா?"

"ராத்திரி கேட்டு ஊட்டையே ரெண்டாக்குனா. காத்தால கேக்கல."

காலையில் கேட்கவில்லை. இதற்காகத்தானே வந்தேன்?

"வந்துரட்டுங்களா அத்தை?"

"அத நீதான் சொல்லோணும் சாமி. நா சொன்னாக் கேக்கற ஆளா நீ?"

பின்னால் ஒரு சின்ன இருமல். பிறகு, "பாட்டி, இன்னும் சட்னி" என்ற குரல்.

"அவரைப் பயப்படாம இருக்கச் சொல்லுங்க. நாளைக்கு வாரேன்" என்று வைத்துவிட்டேன்.

அஃப்தாப் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். "நா வேணா கூட எறங்கி வாரேன் ஆன்ட்டி."

"மேல இன்னும் எவ்வளவு தூரம்?"

"ஒரு மணி நேரம் ஆகும்."

"அப்ப நட."

பயமும் கூடவே ஏறி வந்தது. வரட்டும். மூட்டையைச் சுமந்தது நான்தான். உச்சியில் நின்று பார்த்தால் கீழே சமவெளி முழுக்கப் பனி. என் வீடு அந்த வெள்ளைக்குள் எங்கேயோ இருந்தது. நான் வெளியே இருந்தேன்.

டிசம்பர் 29, திங்கள்

அத்தை இடுப்பில் இருந்து தாவி வந்தாள். உடம்பு சூடில்லை. கை பழக்கத்தில் என் சட்டைக் கழுத்துக்குள் நுழைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மோந்து பார்த்தாள். "பூ" என்றாள். கையை எடுத்துக்கொண்டாள். பொம்மை லாரிக்குச் சக்கரம் கழன்ற கதையைச் சொல்லக் கீழே இறங்கிவிட்டாள்.

குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெளியே வந்தபோது அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பூ வாடிருச்சா?"

"வாடிருச்சுங்க அத்தை."

"ம்."

ஜனவரி 6, செவ்வாய்

வாசலில் யாரோ அத்தையிடம் கேட்பது காதில் விழுந்தது. "உம் மருமவ புள்ளைய உட்டுப்போட்டு எங்கியோ போயிருந்தாளாமா?"

"மலைக்குப் போயிருந்தா" என்றார் அத்தை. வேறெதுவும் சேர்க்கவில்லை. கோலப்பொடி டப்பாவை மூடும் சத்தம் மட்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

இலக்கியா தனியே தூங்குகிறாள். இன்று ஒரே ஒரு தடவைதான் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். அஸ்பியாவுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"அஸ்பியா, இந்த நேரத்துக்கு அனுப்புகிறேன் என்று திட்டாதே. தை முடிவதற்குள் மறுபடி போகிறீர்கள் என்று உன் தம்பி சொன்னான். நானும் வருகிறேன். போன தடவை பால் மறக்கடிக்க வந்தேன். இந்தத் தடவை காரணம் எதுவும் இல்லை. வீட்டிலும் அப்படியே சொல்லிவிட்டேன். கூடாரத்தில் எனக்கு இடம் இருக்கிறதா? சீக்கிரம் பதில் போடு."